காட்டேரி அக்கா

கோரைப்பல்லை மாட்டிக்கொண்டதும் அக்காவுக்கு 'ச' வராது. மாடிப்படியில் இறங்கும்போதே ஒத்திகை நடக்கும். "தத்தம் போடாம பின்னாடியே வாங்க." நின்று, பல்லைக் கழற்றி, "சத்தம்" என்று தனக்குத்தானே சொல்லிப் பார்ப்பார். மறுபடி மாட்டுவார். "தத்தம்." கீழ்வீட்டுக் கதவைத் திறந்து நான் எட்டிப்பார்த்தால், பல்லைக் கைக்குட்டையில் சுருட்டியபடி, "பல்லு இருந்தா பேச்சு இல்ல, பேச்சு இருந்தா பல்லு இல்ல. எந்தப் பேயாவது இப்படி அல்லாடியிருக்குமா, சொல்லுங்க எழுத்தாளரே" என்பார்.

நான் பத்திரிகைக்கு எழுதுகிறவன் என்று தெரிந்த நாளிலிருந்து எனக்கு அந்தப் பெயர்தான். அவருக்குத் தெரு வைத்த பெயர் காட்டேரி அக்கா.

ஊரின் பழைய பகுதியில், கோட்டைச் சுவரை ஒட்டி, கல் பாவிய சந்துகள் இருக்கின்றன. பொழுது சாயும் நேரத்தில் வெளியூர்க்காரர்களை அந்தச் சந்துகளுக்குள் கூட்டிப்போய்ப் பேய்க்கதை சொல்வது அக்காவின் வேலை. 'பேய் உலா' என்று அதற்குப் பெயர். நடத்துகிறவர் அக்காவின் கொழுந்தன். மணிக்கூண்டுக்கு எதிரே ஒரு மேஜையும் ஒரு மின்விசிறியும் போட்டுச் சுற்றுலா அலுவலகம் வைத்திருக்கிறார்.

இது அக்காவின் சாயங்கால வேலை மட்டும்தான். காலையில் கடைத்தெரு முனையில் இருக்கும் பரிசோதனை நிலையத்தில் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு வருகிறவர்களிடமெல்லாம் ரத்தம் எடுக்கிறார். ஒருமுறை சர்க்கரை பார்க்க வந்த வங்கி மேலாளர், சட்டைக் கையைச் சுருட்டி நீட்டிவிட்டு, அக்காவின் முகத்தைப் பார்த்ததும் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாராம். முந்தின நாள்தான் குடும்பத்தோடு உலாவுக்கு வந்துபோயிருக்கிறார். "பயப்படாதீங்க சார், இது வேற டிபார்ட்மென்ட்" என்று அக்கா அவரைச் சமாதானப்படுத்தியிருக்கிறார்.

காட்டேரி என்றதும் ஒட்டிய கன்னத்தையும் நீண்ட நகத்தையும் எதிர்பார்த்து வருகிறவர்களுக்கு முதல் பார்வையில் ஏமாற்றம்தான். அக்கா குள்ளம், நல்ல பருமன், கண்ணாடி வேறு. மூடிப்போன நாடகக் கொட்டகையின் திரையில் வெட்டித் தைத்த கறுப்பு அங்கி காலுக்குக் கீழேயும் கொஞ்சம் மிச்சம் இருக்கும். அதை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஈரத்தரையில் நடப்பவரைப் போலத்தான் சந்துக்குச் சந்து போவார். ஆனால் குரலைத் தாழ்த்தினார் என்றால் கதை வேறு. நன்றாகப் படித்த ஆட்கள்கூடப் பக்கத்தில் நிற்பவரின் முழங்கையைப் பிடித்துக்கொள்வார்கள்.

அவர் வீட்டுக்காரர் லிப்ட் மெக்கானிக். கும்மிருட்டுக் குழிக்குள் தனியாக இறங்கி, தலைக்கு மேல் ஒரு பெட்டி தொங்க வேலை பார்க்கிற மனிதர். வீட்டில் மட்டும் கூடத்து விளக்கை அணைக்க விடமாட்டார். "பேய்னா பயம் அவருக்கு. கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லல" என்பது அக்காவின் குறை. அவர் எதிரே ஒத்திகைகூடப் பார்க்கக் கூடாதாம். மாடிப்படியில் அது நடப்பதற்குக் காரணம் அதுதான்.

உங்களுக்குப் பேயில் நம்பிக்கை உண்டா என்று அக்காவிடம் கேட்டேன். "நம்பறதுக்கு எனக்கு எங்க நேரம் இருக்கு? பாதி கேட்டது, பாதி நானே போட்டது" என்றார். கோட்டை வாசலில் தலையில்லாத சிப்பாய் ஒருவர் இருக்கிறார். வாளி தானாக நிறைந்து மேலே வரும் கிணறு ஒன்று இருக்கிறது. சிப்பாய் கேட்டது, கிணறு போட்டது. எந்தக் கதைக்கும் வருஷம் வைப்பதும் அக்காதான். "முந்நூறு வருஷம்னு சொன்னாத்தான் ஜனங்க வாயை மூடிக்கிட்டுக் கேப்பாங்க. அறுபது, எழுபதுன்னா, எங்க தாத்தாவுக்குத் தெரியுமேன்னு ஆரம்பிச்சிடுவாங்க."

உலாவின் உச்சம் மூடிய ஜன்னல் வீடு. சந்தின் கோடியில் ஆளில்லாமல் கிடக்கும் மாடிவீடு அது. மேலே ஒற்றை ஜன்னல், குறுக்கே பலகைகள். முந்நூறு வருஷத்துக்கு முன் அங்கே ஒரு பெண் இருந்தாள். சுண்ணாம்பு போல வெளுத்த முகம். உதடு மட்டும் ரத்தச் சிவப்பு. பகலில் வெளியே வரமாட்டாள். அவள் ஜன்னலில் நிற்கத் தொடங்கியபிறகு தெருவில் ஒவ்வொரு வீடாக ஆட்கள் மெலிந்து, வெளுத்து, படுத்த படுக்கையானார்கள். அவள் செத்து, பெட்டியை மூடும்போதுகூட உதட்டோரம் புது ரத்தம் இருந்ததாம். இந்த இடத்தில் அக்கா முதுகைத் திருப்பிக்கொள்வார். அங்கிக்குள் ஏதோ தேடுவது போல இருக்கும். சட்டென்று திரும்பும்போது பல் தெரியும். கூட்டம் வீறிடும். பிறகு வீறிட்டதை நினைத்துச் சிரிக்கும். அப்புறம் படம் எடுக்கும். இதற்காகத்தான் ஜனங்கள் வந்தார்கள்.

அக்காவைப் பற்றி எழுதுவதற்காக நானும் ஒருநாள் உலாவில் சேர்ந்துகொண்டேன். பல் தெரிந்தது, கூட்டம் வீறிட்டது. ஏறக்குறைய அக்கா வயதே இருக்கும் ஒரு பெண்மணி மட்டும் ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றார். அலுவலகத் தோழிகளோடு வந்திருந்தவர். எல்லோரும் முன்னே நகர்ந்தபிறகு அக்காவிடம் வந்தார்.

"நல்லாச் சொன்னீங்க. அது எங்க பெரியம்மா."

அக்கா விளையாட்டு என்று நினைத்துவிட்டார். "அப்படியா? அப்ப நமக்குள்ள தொந்தம்தான்" என்று பல்லோடு சிரித்தார்.

"நெஜமாத்தாங்க. எங்கம்மாவோட கூடப்பிறந்த அக்கா."

அக்கா பல்லைக் கழற்றினார்.

"அவங்களுக்குக் காசநோய். இருமினா ரத்தம் வரும், உதட்டுல இருந்தது அதுதான். தெருவுல மத்தவங்களுக்கும் அதே நோய்தான் இருந்திருக்கு. யாருக்கு யாரு குடுத்தாங்கன்னு யாருக்குத் தெரியும்? பகல்ல வெளிய வரமாட்டாங்கன்னு சொன்னீங்களே, வர விடலீங்க. அந்த ஜன்னலை அவங்க மூடல. பக்கத்து வீட்டுக்காரங்க ஏணி வச்சு ஏறி, வெளியிலேருந்து பலகை அடிச்சாங்க."

அக்கா நிமிர்ந்து பார்த்தார். நானும் பார்த்தேன். துருவேறிய ஆணித்தலைகள் தெருப்பக்கம்தான் இருந்தன.

"உங்ககிட்ட சண்டைக்கு வரலீங்க" என்றார் அந்தப் பெண்மணி. "எந்த வீடுன்னு எனக்கும் இங்க வந்து நிக்கற வரைக்கும் தெரியாது. அம்மா எங்ககூடத்தான் இருக்காங்க. இந்தத் தெருப் பேரு காதுல விழுந்தா டிவி சத்தத்தைக் கூட்டிடுவாங்க. ஏன்னு எனக்கே ரொம்ப நாள் கழிச்சுத்தான் சொன்னாங்க."

தோழிகள் கூப்பிட்டார்கள். அக்கா அவருடைய தொலைபேசி எண்ணை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார். திரும்பி வரும் வழியில் அங்கியைத் தூக்கிப் பிடிக்கவே மறந்துபோனார். அது கல்லில் இழுபட்டுக்கொண்டு வந்தது. எங்கள் மாடிப்படி வந்ததும் உட்கார்ந்துவிட்டார்.

"லேப்ல சளி டப்பா குடுக்கறதே நான்தான் எழுத்தாளரே. நல்லா ஆழமா இருமித் துப்புங்கன்னு தினமும் சொல்றேன். வெளுத்த மூஞ்சி, ரத்தம், வீடு வீடாப் பரவுறது. எல்லாத்தையும் என் வாயாலேயே சொல்லியிருக்கேன். ஒருநாளாவது தோணிச்சா பாருங்க."

மறுநாள் கொழுந்தனிடம் அந்தக் கதை இனி கிடையாது என்றார். அலுவலகத்தில் நானும் இருந்தேன். கொழுந்தன் கெட்டவர் இல்லை, கவலைக்காரர். "அண்ணி, அந்தம்மாவை நெனச்சா எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா ஜனங்க அந்தப் பல்லுக்குத்தான் வர்றாங்க. சிப்பாயையும் கிணத்தையும் வச்சு எத்தனை நாள் ஓட்டுவீங்க? கடையை மூடிட்டு நான் எங்க போறது?"

"கடை இருக்கும் தம்பி. கதைதான் இருக்காது."

வீட்டுக்காரருக்கு மட்டும் ஏக சந்தோஷம். பேய் ஒன்று குறைந்ததே என்று.

ஆனால் கதையை நிறுத்தியது உதவவில்லை. உலா அந்த வீட்டுப் பக்கம் போகாமல் மணிக்கூண்டிலேயே முடிந்தது. ஜனங்கள் "காட்டேரி வீடு எங்கங்க?" என்று பழக்கடையில் கேட்டு, தாங்களே போனார்கள். ஒருநாள் லேப் முடிந்து அந்த வழியாக வந்த அக்கா, ஓர் இளம் ஜோடி அந்த ஜன்னலுக்குக் கீழே நின்று, உதட்டில் சிவப்புச் சாயத்தைத் தீற்றிக்கொண்டு படம் எடுப்பதைப் பார்த்திருக்கிறார். அந்தப் பெண் இவரை அடையாளம் கண்டு, "அக்கா, நீங்க சொன்ன மாதிரியே வெச்சிருக்கேன், சரியா இருக்கா?" என்று முகத்தைக் காட்டினாளாம்.

"நான் வாயை மூடிக்கிட்டா கதை நின்னுடும்னு நெனச்சேன்" என்றார் என்னிடம். "அது எனக்கு முன்னாடியே போய் உக்காந்திருக்கு."

அன்றே அந்தப் பெண்மணிக்குப் போன் செய்தார். நடந்ததை நடந்தபடி சொல்லட்டுமா, உங்கம்மாவைக் கேட்டுச் சொல்லுங்கள் என்றார். பதில் வர ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. அத்தனை நாளும் லேப்பில் ரத்தம் எடுக்கும்போதுகூடப் போனை மேஜைமேல் கண்ணில் படும்படி வைத்துக்கொண்டிருந்தார். கடைசியில் பேசியது மகள் இல்லை, தாயேதான்.

"சொல்லும்மா. ஆனா அழுமூஞ்சியாச் சொல்லாதே. எங்கக்கா அப்படிப்பட்டவ இல்ல. நல்லா விசிலடிப்பா. ரெண்டு விரலை வச்சு அடிச்சான்னா வண்டிக்காரன்லாம் திரும்பிப் பாப்பான். பலகை அடிச்சதுக்கப்புறம் நான் ஸ்கூல் விட்டு வர்றப்போ உள்ளேருந்து விசிலடிப்பா. நான் கீழேருந்து பதிலுக்கு அடிக்கணும். எனக்குக் காத்துதான் வரும். அதுக்கு உள்ளேருந்து சிரிப்பா. அதைச் சொல்லு."

மூடிய ஜன்னல் வீட்டுக் கதை இப்போது வேறு. எழுபது வருஷத்துக்கு முன் என்று ஆரம்பிக்கிறது. பழைய கதையையும் அக்கா விட்டுவிடவில்லை. தெரு அவளை என்ன சொன்னது என்று முதலில் சொல்லிவிட்டு, ஆணித்தலை எந்தப் பக்கம் இருக்கிறது, பாருங்கள் என்கிறார். அவ்வளவுதான். கூட்டம் மேலே பார்க்கும். வீறிட வந்தவர்களுக்கு அப்போதுதான் முதுகு சில்லிடும். விசில் கதையைச் சொல்லும்போது சிரிக்கிறார்கள், சிரித்தபடியே சிலர் மூக்கை உறிஞ்சுகிறார்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டவர்களும் உண்டு. தங்கள் அம்மாவைக் கூட்டிக்கொண்டு மறுபடி வந்தவர்களும் உண்டு.

பல்லை வீணாக்க மனமில்லாமல் கிணற்றுக் கதைக்கு மாற்றியிருக்கிறார். "கிணத்துக்குப் பல்லு எதுக்கு அண்ணி?" என்று கொழுந்தன் தலையில் அடித்துக்கொண்டார். "வாளியை யாரு நிரப்பறான்னு நெனச்ச? இந்தப் பல்லுக்காரிதான்" என்றார் அக்கா. வரும்படி முன்னைப்போல இல்லை என்று கொழுந்தன் அலுத்துக்கொள்கிறார். ஆனால் மேஜையும் மின்விசிறியும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன.

போன வாரம் உலாவுக்கு நானும் போயிருந்தேன். வெளிச்சம் இன்னும் மிச்சம் இருந்தது. மூடிய ஜன்னல் வீட்டு வாசற்படியில் ஏறி நின்று அக்கா கதையைத் தொடங்கியிருந்தார். எழுபது வருஷம் என்றவர் பாதியில் நிறுத்தினார். எங்களைத் தாண்டிச் சந்தின் முனையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கார் உள்ளே வராததால் அங்கேயே இறங்கியிருந்தார்கள். அந்தப் பெண்மணியின் தோளைப் பிடித்துக்கொண்டு, ஒடிசலான ஒரு முதிய அம்மாள், கல்லைப் பார்த்துப் பார்த்து அடியெடுத்து வைத்து வந்துகொண்டிருந்தார். பாதி வழியில் நின்றார். தலையை நிமிர்த்தவில்லை. மகள் குனிந்து அவர் காதோடு ஏதோ கேட்டார். அம்மாள் தலையை ஆட்டிவிட்டு மறுபடி நடந்தார்.

கூட்டத்தில் ஒருவர் படம் எடுக்கப் போனைத் தூக்கினார்.

"அதை உள்ள வையுங்க தம்பி" என்றார் அக்கா. கதை சொல்லும் குரல் இல்லை அது, லேப் குரல். "எல்லாரும் கொஞ்சம் வழி விடுங்க. வீட்டுக்காரங்க வர்றாங்க."

சொல்லிவிட்டு, முதல் ஆளாகத் தானே அந்த வாசற்படியிலிருந்து இறங்கி, எங்களோடு சுவரோரமாக ஒதுங்கி நின்றார்.