மோரிப் கடலும் கிள்ளான் தொலைபேசியும்

அலுவலகத்திலிருந்து விடுதலையாகிவிட்டதாகச் சொல்லித் திரிகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. நானும் அவர்களில் ஒருத்தியாக இருந்தவள்தான். அதனால் என் ஏளனத்தில் பாதி எனக்கே சேரும்.

தொண்ணூறுகளின் பிற்பாதி. தலைநகரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் ஓர் அச்சகத்தின் மாடியில் பக்கம் வடிவமைக்கும் வேலை பார்த்தேன். கம்பெனிகளின் செய்தி இதழ்கள், கோயில் மலர்கள், எப்போதாவது ஒரு கல்யாணப் பத்திரிகை. எட்டரைக்கு ஒரு நிமிடம் பிந்தி வந்தாலும் முதலாளி முதலில் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பார், பிறகு நம்மைப் பார்ப்பார். அந்தப் பார்வைக்குப் பயந்து பதினோரு வருடம் படியேறி ஓடியிருக்கிறேன்.

அடுத்த மேசையில் ஆங்கில விளம்பர வாசகம் எழுதுகிறவர் ஒருவர் இருந்தார். என்னைவிட மூத்தவர், அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். ஒருநாள் லேப்டாப்பும் மோடமும் வாங்கிக்கொண்டு வந்தார். ராஜினாமாக் கடிதத்தை முதலாளியிடம் கொடுத்துவிட்டு எங்களிடம் வந்து நின்றார்.

"இனிமே எங்க போன் லைன் இருக்கோ, அதான் என் ஆபிஸ் லா. நீங்கள்லாம் இந்த டியூப் லைட்டுக்குக் கீழயே கெழவியாகுங்க."

எல்லோரும் சிரித்தோம். எனக்குச் சுருக்கென்றது.

பிறகு அவருடைய மின்னஞ்சல்கள் வரத் தொடங்கின. வரவேற்பு மேசைப் பெண் அவற்றை அச்செடுத்து, தேநீர் கலக்கும் இடத்துக்கு மேலே ஒட்டிவைப்பாள். இந்த வாரம் பங்கோர் தீவு, காலுக்கடியில் மணல். அடுத்த வாரம் கேமரன் மலை, ஜன்னலைத் திறந்தால் மேகம். தேநீர் ஆறிப்போகும்வரை நின்று படிப்பேன். எத்தனை முறை படித்தேன் என்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

ஏழு மாதம் கழித்து நானும் ஒரு லேப்டாப் வாங்கிக்கொண்டு வேலையை விட்டேன். "கடற்கரையில உட்கார்ந்து என்னடி வேலை செய்வே? மீன் விக்கவா போறே?" என்றார் அம்மா. முதலாளி மாதம் இரண்டு இதழ்களைத் தருவதாகச் சொன்னார். "நீ எங்க இருந்தாலும் எனக்குக் கவலை இல்ல. சொன்ன நாள் காலையில பதினோரு மணிக்குப் பக்கம் வந்திருக்கணும்."

மோரிப்பில் கடலைப் பார்த்த ஒரு மரக்குடிலை வாடகைக்கு எடுத்தேன். கடல் என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். தண்ணீர் வற்றினால் கண்ணுக்கெட்டிய தூரம் சேறுதான். மதியத்தில் விசைப்பலகை பிசுபிசுக்கும், இரவில் திரைமேல் ஈசல் ஊரும். தொலைபேசி குடிலில் இல்லை. குடிலின் உரிமையாளரான மலாய்க்கார அக்காவின் கடையில், கல்லாவுக்குப் பக்கத்தில் இருந்தது. லேப்டாப்பைத் தூக்கிப்போய் அங்கே நின்றபடியே பக்கங்களை அனுப்புவேன். பாதி போய்க்கொண்டிருக்கும்போது அக்கா மறந்துபோய் உள்ளறைத் தொலைபேசியை எடுத்து யாரிடமோ நண்டு விலை பேசுவார். இணைப்பு அறுந்துபோகும். மறுபடி முதலிலிருந்து அனுப்பவேண்டும். இதற்குப் பெயர் சுதந்திரம்.

மூன்றாவது வாரம், பக்கம் அனுப்பவேண்டிய நாளில், விடிகாலையில் தொடங்கிய அடைமழையில் லைன் செத்துப்போனது. "ரோசாக்" என்று மலாயில் சொல்லி அக்கா கையை விரித்தார். கெட்டுப்போச்சு, அவ்வளவுதான். லேப்டாப்பை பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு பந்திங்குக்குப் பஸ் ஏறினேன், அங்கிருந்து கிள்ளானுக்கு இன்னொன்று. கிள்ளானில் இறங்கும்போது மணி பத்தாகிவிட்டது. பிரிக்பீல்ட்ஸ் போய்ச்சேர நேரமில்லை. அப்போதுதான் அந்த அண்ணன் கடிதம் போடுவதற்காகக் கொடுத்திருந்த அவருடைய அக்கா வீட்டு முகவரி ஞாபகம் வந்தது. கிள்ளானிலேயே, மேரு ரோட்டுப் பக்கம். அவர் ஊரில் இல்லாவிட்டாலும் வீட்டில் தொலைபேசி இருக்குமே என்று டாக்சி பிடித்தேன்.

கதவைத் திறந்தவர் அவருடைய அக்கா. "தம்பியா? உள்ளதான் இருக்கான். அவன் எங்க போகப்போறான்?"

பின்னறையில் திரைச்சீலை இழுத்து மூடியிருந்தது. டியூப் லைட் எரிந்தது. அவர் முழுக்கைச் சட்டையும் டையும் அணிந்து, தொலைபேசியைத் தொடும் தூரத்தில் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, போன வாரம் தியோமான் தீவுல இருக்கேன்னு எனக்கு மெயில் போட்டீங்களே?"

எழுந்து நின்றார். "கஸ்டமர் எப்ப போன் பண்ணுவான்னு தெரியல லா. லைனை விட்டு நகர முடியல."

"அப்ப பங்கோர்?"

"அது... முன்ன ஒரு தடவை போயிருக்கேன்."

கேமரன் மலையைப் பற்றி நான் கேட்கவில்லை. "லைனைக் கொஞ்சம் குடுங்க" என்றேன். பத்தே முக்காலுக்குப் பக்கங்கள் போய்ச்சேர்ந்தன. அதுவரை அவர் டையின் நுனியைச் சுருட்டிக்கொண்டே நின்றார். அவருடைய அக்கா மைலோ கலக்கிக் கொண்டுவந்து வைத்தார். நான் தொடவில்லை.

வாசல்வரை வந்தவர் தணிந்த குரலில், "ஆபிஸ்ல சொல்லிடாதம்மா" என்றார். பிறகு, "மோரிப் நல்லா இருக்கா?" என்று கேட்டார். உண்மையாகவே தெரிந்துகொள்ளும் ஆசை அந்தக் கேள்வியில் இருந்தது. வேறு யாராவது கேட்டிருந்தால் இரங்கியிருப்பேன்.

"சேறு" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினேன்.

கிள்ளான் பஸ் நிலையத்துப் பொதுத் தொலைபேசியிலிருந்து அச்சகத்தை அழைத்து, பக்கம் கிடைத்ததா என்று விசாரித்தேன். எடுத்தவள் அந்த வரவேற்புப் பெண்.

"கெடச்சிருச்சு அக்கா! கடல் எப்படி இருக்கு? குடுத்து வச்சவங்க லா நீங்க."

டீசல் புகை கண்ணைக் கரித்தது. பிளாஸ்டிக் பையிலிருந்து மழைத்தண்ணீர் காலில் சொட்டிக்கொண்டிருந்தது. "ரொம்ப அழகா இருக்கு" என்றேன். அரைமணி நேரத்துக்கு முன் ஒரு மனிதனைப் புழுவைப்போலப் பார்த்துவிட்டு வந்தவள், யோசிக்காமல் சொன்ன பதில் அது.

மாதம் முடிவதற்குள் மோரிப்பைக் காலி செய்தேன். சாலாக் செலாத்தானில் ஒரு கடையின் மேல்மாடி அறை, என் பெயரிலேயே ஒரு லைன், ஜன்னலுக்கு வெளியே பக்கத்துக் கட்டடத்தின் சுவர். பிறகு ஈப்போவிலும் பினாங்கிலும் மாதக்கணக்கில் தங்கி வேலை செய்தேன். அறை பார்க்கப்போனால் முதலில் குனிந்து கட்டிலுக்கடியில் தொலைபேசி இணைப்பைத் தேடுவேன். வீட்டுக்காரர்கள் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள். முதலாளி திரும்பவும் கூப்பிட்டார், போகவில்லை. அந்த அண்ணன் ஷா ஆலாமில் ஏதோ அலுவலகத்தில் சேர்ந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். வாழ்த்துச் சொல்லத் தோன்றவில்லை.

அடுத்த வருடம் வரவேற்புப் பெண் போன் செய்தாள். லேப்டாப் வாங்கிவிட்டாளாம், வேலையை விடப்போகிறாளாம். எந்தக் கடற்கரை நல்லது என்று கேட்டாள். சேறு, ஈசல், நண்டு விலை எல்லாவற்றையும் அப்போதுதான் சொன்னேன். கிள்ளான் வீட்டை மட்டும் சொல்லவில்லை. கேட்டுக்கொண்டே வந்தவளின் குரல் சட்டென்று மாறிவிட்டது.

"உங்களுக்குப் போட்டியா நானும் வந்துருவேன்னு பயமா அக்கா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.