பனி உழுத சரிவு

எழுபதுகளின் கடைசியில், நீலகிரி உச்சியில் பவானிக்குப் போகும் ஓடைகள் பிறக்கிற இடத்தில், மண் எங்கெங்கே அரித்துப் போகிறது என்று படம் வரைவது என் வேலை. அணைகளில் வண்டல் சேர்வதற்குக் காரணம் தேடிக்கொண்டிருந்தார்கள். நானோ திருச்செங்கோட்டுப் பக்கத்துக் குடியானவர் மகன், வெயிலில் வளர்ந்த உடம்பு. மார்கழிக் குளிரில் பல் தந்தியடித்தது. எனக்குத் தங்க இடம் கொடுத்த உருளைக்கிழங்கு விவசாயி தன் கம்பளியையும் கொடுத்துவிட்டார். அதற்குள் சுருண்டு கிடந்து, வெயில் நன்றாக ஏறிய பிறகுதான் கிளம்புவேன்.

அப்படி ஒருநாள் அவர் வயலுக்கு மேலே இருந்த அரசாங்கச் சரிவுக்குப் போனேன். மண் பொலபொலவென்று கிடந்தது, கால் வைத்தால் புதைந்தது. ஏர் ஓட்டுகிறவர் மகனுக்கு உழவு தெரியாதா என்ற மப்பு எனக்கு. 'புதிதாக உழுதது' என்று பழுப்புப் பென்சிலால் தீட்டிவிட்டேன். அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பொங்கலுக்கு ஊரில் இருந்தபோது அந்த விவசாயி எங்கள் வாசலில் வந்து நின்றார். எங்கள் வெயிலுக்கு முகமெல்லாம் வேர்த்திருந்தது. அம்மா அவருக்கும் அப்பாவுக்கும் எனக்கும் இலை போட்டாள். சாப்பிட்டுக்கொண்டேதான் விஷயத்தைச் சொன்னார். சர்க்கார் நிலத்தை அவர் உழுதார் என்று நான் கொடுத்த படம் சொல்கிறதாம். விசாரணை முடிகிறவரை சொந்த வயலிலும் கிழங்கு நடக்கூடாதென்று அதிகாரி சொல்லிவிட்டாராம்.

"உழுதீங்களா?" என்றார் அப்பா.

"இல்லீங்க. ராத்திரியில மண்ணுக்குள்ள தண்ணி ஒறைஞ்சு மண்ணை மேல தூக்கிரும். வெயில் வந்தா உருகிப் பொலபொலன்னு ஆயிரும். சார் ஒருநாள் விடியக்காலம் வந்து பார்த்தாப் போதும்."

அப்பா என் பக்கம் திரும்பினார். "ஏஞ்சாமி, நீ எத்தன மணிக்கு எந்திரிச்சுப் போனே?"

நான் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ரசம் ஊற்ற வந்த அம்மாவுக்குக்கூட அதற்குப் பதில் தெரியும்.

"பழக்கமில்லாத குளிருங்க, கஷ்டந்தான்" என்று அந்த மனுஷன் எனக்காகச் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை.

"அவருகூடவே பொறப்படு" என்றார் அப்பா.

மறுநாள் விடியும்போது அந்தச் சரிவில் நின்றேன். தரை விரலளவு உயர்ந்திருந்தது. மண்ணை விலக்கினால் அடியில் ஊசி ஊசியாகப் பனிக்கட்டி, ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு பொட்டு மண். வெயில் பட்டதும் ஊசிகள் சாய்ந்தன. மண் உதிர்ந்து ஓடைப் பக்கம் சரிந்தது. நான் வரையப் போனதே இதைத்தான். ஆனைக்கும் அடிசறுக்கும் என்பார்கள். நான் ஆனையுமில்லை, அடியெடுத்து வைக்கவுமில்லை, படுத்துக் கிடந்தேன்.

கீழே வந்ததும் அவர் மனைவி அவித்த கிழங்கும் உப்பும் கொண்டுவந்து வைத்தார். எனக்கு மட்டும்தான் வைத்தார். சின்னச் சின்னக் கிழங்குகள். முளை கிள்ளிய தடம் தெரிந்தது.

"விதைக் கிழங்கா?" என்று கேட்டேன்.

"நடக்கூடாதுன்னுட்டாங்களே. அழுகிப் போறதுக்கு முன்னால சமைச்சுத் தீர்த்துட்டோம். இதுதான் கடைசி" என்றார் அந்த அம்மா. "ஆறிப்போகுது, சாப்பிடுங்க."

படத்திலிருந்த பழுப்பை அழிக்க ஒரு ரப்பர் போதும். தட்டில் இருந்ததை என்ன செய்வது? அவர்கள் இருவரும் பார்த்துக்கொண்டிருக்க, தின்றேன்.