உருட்டாதீங்க, சும்மா வைங்க

யோசனை வந்த இடம், நகரின் மேற்கு ஓரத்தில் ட்ருகனினாவில் ஒரு வேர்ஹவுஸின் பதினோராவது வரிசை. காலை ஏழு மணி, பல் கிட்டும் குளிர். அங்கே வேலை பார்க்கும் சிவம் அண்ணா தன் கட்டைவிரலை என் சென்ஸார் மேல் இடமிருந்து வலமாக உருட்டினார். லேப்டாப் திரையில் ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, ரேகைகள் எழுந்து மறைந்தன. அதுவரை அந்த விரலில் நான் பார்த்திருந்தது வெறும் சாம்பல் நிறம்.

கொஞ்சம் பின்னால் போகிறேன். நான் வேலை பார்ப்பது நகரின் மறுகோடியில், மல்கிரேவில், ஒன்பது பேர் உள்ள ஒரு கம்பெனியில். கையில் பிடிக்கும் பார்கோடு ஸ்கேனர்களுக்கு மலிவான கைரேகை சென்ஸார் செய்கிறோம். மலிவு என்றால் சிறிசு, சுண்டுவிரல் நகத்தளவு. விரலின் ஒரு துண்டுதான் அதற்குத் தெரியும். அந்தத் துண்டை வைத்து ‘இவர்தான்’ என்று சொல்லும் ஃபர்ம்வேர், அதாவது சென்ஸாருக்குள் ஓடும் மென்பொருள், என் பொறுப்பு. கோயம்புத்தூரில் படிக்கும்போதே இப்படி ஒரு வேலைக்குத்தான் ஏங்கினேன்.

அந்த வேர்ஹவுஸில் நடந்த முதல் ட்ரயலில் ஷிஃப்டில் இருந்த எல்லோருக்கும் பச்சை விளக்கு எரிந்தது. சிவம் அண்ணாவுக்கு மட்டும் சிவப்பு. வருடக்கணக்காக அட்டைப்பெட்டி தூக்கித் தேய்ந்த விரல். போதாததற்கு அதை உருட்டவும் செய்தார்.

“அண்ணா, உருட்டாதீங்க. சும்மா வைங்க.”

“எனக்கு விரல் வைக்கப் பழக்கிறீரோ, தங்கச்சி? எத்தினை இடத்தில வைச்ச விரல் தெரியுமே இது? முகாமில வைச்சனான். கடலால வந்திறங்கியும் வைச்சனான். கையைப் பிடிச்சு இப்பிடித்தான் உருட்டுவாங்கள்.”

“அது வேறண்ணா. இதுல உருட்டினா படம் கலைஞ்சிரும்.”

“சரிதான். பிடிச்சு வைக்கிற மெஷினெல்லாம் என்னை ஒரே தரத்தில ஆரெண்டு சொல்லிப்போட்டுது. வேலை தாற மெஷினுக்கு மட்டும் என்னைத் தெரியேல்லையாம்!”

பக்கத்து வரிசையில் யாரோ சிரித்தார்கள். நான் ரிப்போர்ட்டில் ‘யூசர் எரர்’, அதாவது தப்பு அவருடையது, என்று எழுதினேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதியது நான்தான்.

ஸ்கேனர் திறந்தால்தான் பிக்கிங், அதாவது ஆர்டர் பார்த்துப் பொருள் எடுக்கும் வேலை. அதில் ஒரு நிரந்தர இடம் காலியாகி, அவருக்கென்றே சொல்லி வைத்திருந்தார்கள். திறக்காவிட்டால் பேக்கிங் மேசை, அதுவும் கேஷுவல், கூப்பிட்டால் மட்டும் வேலை. கேஷுவலுக்குச் சம்பளத்தோடு லீவு கிடையாது; நீண்ட நாள் போய் வந்தால் ஷிஃப்டும் இருக்காது. அவருடைய மகள் திருச்சியில் இருக்கிறாள். விட்டுவிட்டு வரும்போது பால்பல் விழுந்திருந்ததாம். இப்போது பிளஸ் டூ.

“ஆறு கிழமை லீவு கிடைச்சால் காணும்” என்றார் லஞ்ச் ரூமில்; ஆறு வாரம் போதுமாம். “முதல் கிழமை நான் ஆரெண்டு அவளுக்குச் சொல்லவே போயிடும். மிச்சத்தில கதைக்கலாம்.”

அடுத்த முறை, முதலில் சொன்ன அந்தக் காலையில், போனபோது சென்ஸாரின் படம் நேரடியாகத் திரையில் ஓடும்படி வைத்திருந்தேன். அவர் மறுபடி உருட்டினார். “அண்ணா...” என்று கடிந்துகொள்ள ஆரம்பித்தவள் அப்படியே நிறுத்திவிட்டேன். விரலின் நடுவில் ஒன்றுமே இல்லை. ஆனால் இரண்டு ஓரங்களிலும், பெட்டி படாத இடத்தில், ரேகை அப்படியே இருந்தது.

“இன்னொரு தடவை உருட்டுங்க!”

“அண்டைக்கு வேண்டாமெண்டீர், இண்டைக்கு உருட்டச் சொல்லுறீர். ஒரு முடிவைச் சொல்லும், பிள்ளை.”

ஒரே ஓர் ஆளுக்காகவா என்று கேட்டார் என் மேலாளர் டேவ். வெள்ளிக்கிழமை வரை நேரம் தந்தார். அதற்குள் முடியாவிட்டால், இவருடைய விரலை சென்ஸார் எடுக்காது என்று வேர்ஹவுஸுக்கு எழுதிக்கொடுத்துவிட வேண்டும்.

உருட்டும்போது விழும் படங்களை ஒட்டி ஒரே அகலப் படமாக்கினேன். என் மேசையில் அற்புதமாக வேலை செய்தது. புதன்கிழமை வேர்ஹவுஸில் சிவப்பு. காரணம் அற்பம்: ஸ்கேனருக்குள் இருக்கும் மலிவு சிப் படத்தை ஒட்டி முடிக்க ஐந்து நொடி எடுத்தது, ஸ்கேனர் இரண்டு நொடிதான் காத்திருக்கும்.

“ஆறுதலாச் செய்யும், பிள்ளை” என்றார். அவருடைய ஊர்ப் பேச்சில் ஆறுதல் என்றால் நிதானம். எங்கள் ஊரில் அது தேற்றுவது. எனக்கு இரண்டாவதுதான் கேட்டது. அவர் கையுறையை மாட்டிக்கொண்டு பேக்கிங் மேசைக்குப் போவதை நின்று பார்த்தேன். அங்கேயே தங்கிவிடுவாரோ என்று நினைத்தபடி லேப்டாப்பை மூடினேன்.

திரும்பும் வழியில், ட்ராஃபிக்கில் நின்றபோது புரிந்தது: எதற்கு ஒட்ட வேண்டும்? ஓரம் சிறிசு, சென்ஸாரும் சிறிசு. இடது ஓரத்தை ஒரு விரலாகவும் வலது ஓரத்தை இன்னொரு விரலாகவும் பதிவு செய்துவிட்டால் போதும். உருட்டவே வேண்டாம், விரலைச் சாய்த்து வைத்தால் சரி. சிப்புக்கு ஒரு நொடி வேலை.

இதில் நான் கற்றது ஒன்றுதான். விரலை சென்ஸார் எடுக்கவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது விரலை, அப்புறம்தான் ரிப்போர்ட்.

நாளை வெள்ளிக்கிழமை. ஏழு மணிக்கு ட்ருகனினாவில் இருப்பேன். குளிர்ந்த விரல், பெட்டித் தூசி, அவசரம் எல்லாவற்றோடும் சிவம் அண்ணாவை ஐம்பது தடவை வைக்கச் சொல்லப் போகிறேன். இன்று மாற்றி எழுதி முடித்ததும் மேசையில் என் விரலுக்கு வந்த பச்சையை நான் நம்பவில்லை.

இடது ஓரத்திலிருந்து தொடங்குவேன்.