நாற்பது சேர் கல்

என்னைப் பெண் பார்க்க வந்த அன்று, தாராவியில் எங்கள் ஒற்றை அறையில் கால் வைக்க இடமில்லை. வந்தவர் பம்பாயிலேயே பிறந்தவர். மாட்டுங்கா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை. கோவிலில் பார்த்திருக்கிறேன், பேசியதில்லை. எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் தாய்மாமா தன் மகனுக்கு என்னைக் கேட்டுக்கொண்டிருந்தார். முறை மாமாவுடையது. மாமா தலையசைக்காமல் அப்பா தாம்பூலம் மாற்ற மாட்டார்.

மாமாவுக்கு மளிகைக் கடை. சர்க்கார் கிலோவைக் கொண்டுவந்த பிறகும் அவர் வாயில் சேர்தான். அளக்கும்போது ஒன்று என்று சொல்லவே மாட்டார். "லாபம், ரெண்டு, மூணு" என்றுதான் எண்ணுவார். பெண் கேட்டு வருகிறவரிடம் விடுகதை போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். மாமா போட்டது கணக்கு.

"தம்பி, நாப்பது சேர் எடைக்கல்லு கீழ விழுந்து நாலு துண்டா ஒடஞ்சிட்டு. அந்த நாலையும் வச்சு லாபத்துலேருந்து நாப்பது சேர் வரைக்கும் எந்த எடையும் நிறுக்கணும். எந்தெந்தத் துண்டு எத்தன சேரு? சொல்லிட்டா பொண்ணு ஒமக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை.

"லாபமா?" என்று வந்தவர் விழித்தார். வியாபாரிகள் ஒன்றை அப்படிச் சொல்வார்கள் என்று அப்பா விளக்கினார். பிறகு அவர் ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு என்று விரல் விட்டுப் பார்த்தார். கூட்டினால் பதினைந்துதான். ஒரு தட்டில் மட்டும் கல் வைத்துப் பார்க்கிறாரே மனுஷன்! சாமான் இருக்கும் தட்டிலும் கல் வைக்கலாம் என்பது மெஷினோடு மல்லுக்கட்டுகிறவருக்கு எப்படித் தெரியும்? நான் மாமா கடையில் வளர்ந்தவள்.

பலகாரம் வைக்கச் சொன்னார்கள். அவர் முன்னால் இரண்டு தட்டு வைத்தேன். ஒன்றில் மூன்று லட்டு, மற்றதில் ஒன்று.

"ஏட்டி, ஒரு ஆளுக்கு ரெண்டு தட்டா?" என்று அம்மா பல்லைக் கடித்தாள்.

அவர் தட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் முகம் மலர்ந்தது. ஒரு பக்கம் மூன்று சேர் கல், எதிர்ப்பக்கம் சாமானோடு ஒரு சேர் கல் என்றால் சாமான் இரண்டு சேர். அந்த நூலைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் முணுமுணுத்தார்.

"லாபம், மூணு, ஒம்பது, இருபத்தேழு."

அறையே கைதட்டியது. மாமா மட்டும் லட்டுத் தட்டுகளைப் பார்த்தார், பிறகு என்னை. குட்டு உடைந்தது என்று நினைத்தேன். அடுப்பு மூலைக்குக் கூப்பிட்டார். குரல் தணிந்திருந்தது.

"இவரத்தான் புடிச்சிருக்குன்னு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கப்படாதா? நான் என்ன வேத்தாளா?"

எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. "நீங்க யாரும் என்னையக் கேக்கவே இல்லியே மாமா."

மாமா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அப்பா தாம்பூலத் தட்டை எடுத்துவிட்டார். "கொஞ்சம் பொறுங்க அத்தான்" என்று மாமா அவரை நிறுத்திவிட்டு, அத்தனை பேர் முன்னாலும் என் பக்கம் திரும்பினார்.

"சொல்லு தாயி, ஒனக்குச் சம்மதமா?"

எங்கள் வீட்டில் ஒரு பெண்ணிடம் அதைக் கேட்ட முதல் ஆள் மாமாதான். சம்மதம் என்றேன். சத்தமாகவே சொன்னேன்.