அது அடியா, ஃபிளிக்கா?

போன சனிக்கிழமை, நான் ஊதிய விசிலை நானே பிழை என்று சொன்னேன். மைதானம் நிறையச் சனம் பார்த்துக்கொண்டிருக்க. இதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு என் சங்கதி தெரியும். கிழமை நாட்களில் வங்கி வேலை. சனிக்கிழமைகளில் கழுத்தில் விசில் — பெண்கள் ஹொக்கிக்கு நடுவர்.

அன்றைக்கு இரண்டு மகளிர் கல்லூரிகளுக்கு இடையே இறுதிப் போட்டி. ஒன்று நீலச் சட்டை, மற்றது மஞ்சள். வென்றால் மாகாணப் போட்டிக்குப் போகலாம். தோற்றால் வீடு. நீலம் ஒரு கோல் முன்னுக்கு நின்றது. வெயில் என்றால் சும்மா வெயில் இல்லை... ஆனால் ஒருவரும் நிழலுக்குப் போகவில்லை. அப்படி ஒரு ஆட்டம்.

முடிய ஒரு நிமிடம் இருக்க, கோலுக்கு முன்னாலுள்ள அரைவட்டத்துக்குள் நீல அணிப் பிள்ளை ஒருத்தியின் காலில் பந்து பட்டது. கையை நீட்டினேன். ஹொக்கியில் பந்து காலில் படுவது தவறு; மஞ்சளுக்குப் பெனால்டி கோர்னர், அதாவது கோலடிக்க ஒரு தனி வாய்ப்பு.

இங்கேதான் ஒரு விதி இருக்கிறது. பெனால்டி கோர்னரில் முதல் முறை கோலை நோக்கி மட்டையை ஓங்கி அடித்தால், பந்து கோலின் அடியிலுள்ள பலகை உயரத்துக்கு மேல் போகக்கூடாது. ஏறக்குறைய முழங்கால் உயரம். ஆனால் ஓங்காமல், பந்தை மட்டையோடு இழுத்துக்கொண்டு வந்து தூக்கி எறிந்தால் — அதுதான் ஃபிளிக் — எவ்வளவு உயரமும் போகலாம். அடியா, ஃபிளிக்கா? அதைக் கண் மூடித் திறப்பதற்குள் தீர்மானிக்க வேண்டியது நடுவர்.

பின்கோட்டிலிருந்து பந்து வந்தது. ஒருத்தி நிறுத்தினாள். உரும்பிராய்ப் பிள்ளை கோபிகா, மெலிந்த உருவம், குனிந்து ஓடி வந்தாள். அடுத்த கணம் பந்து கோல்காவலரின் தோளுக்கு மேலால் போய் வலையின் மேல் மூலையில் விழுந்தது.

விசில் ஊதினேன். கோல் இல்லை. அடி, உயரம்.

மஞ்சள் சட்டைகள் அப்படியே நின்றன. கோபிகா மட்டையைப் பார்த்தபடி நின்றாள். அவர்களின் தலைவி ஸ்ரெபானி மட்டும் என்னிடம் வந்தாள். குருநகர்ப் பிள்ளை. ஏ.எல். வருடம், பள்ளிக்கூடத்தில் கடைசி வருடம் — தோற்றால் அவளுக்கு இதுதான் கடைசிப் போட்டி.

"மிஸ், ஒண்டு கேக்கலாமோ?"

"கேள்."

"மட்டை அடிச்ச சத்தம் நீங்கள் கேட்டனீங்களோ?"



மட்டையை ஓங்கி அடித்தால் அந்தச் சத்தம் வீதி வரைக்கும் கேட்கும். நான் கேட்டேனா? இல்லை. ஒரு உரசல் மட்டும்தான்.

நேரத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு, என்னோடு நடுவராக நின்ற ஜெயம் அண்ணையிடம் போனேன். தபாற்கந்தோரில் வேலை செய்கிறவர், என்னைவிட அனுபவசாலி.

"அண்ணை, அடியோ ஃபிளிக்கோ?"

"தங்கச்சி, நான் நடுக்கோட்டடியிலை நிண்டனான். அவளின்ரை முதுகுதான் தெரிஞ்சது. பொய் சொல்ல ஏலாது. கிட்ட நிண்டது நீர். நீர்தான் சொல்ல வேணும்."

மைதானத்தில் அப்படித் தனியாக நின்றிருக்கிறீர்களா? நான் அன்றைக்குத்தான் நின்றேன். கண்ணை ஒருதரம் மூடி அந்த ஓட்டத்தை மறுபடி பார்த்தேன். மட்டை பின்னுக்குப் போகவே இல்லை. பந்தோடு ஒட்டியபடி நிலத்தில் இழுபட்டு வந்தது... பிறகு மணிக்கட்டின் ஒரு சுழற்சி. ஃபிளிக்தான். அதுவும் எப்பேர்ப்பட்ட ஃபிளிக்.

அப்படியென்றால் ஏன் அடி என்று ஊதினேன்? உண்மையைச் சொல்கிறேன். நான் நடுவராக நின்ற இத்தனை வருடத்தில், இங்கே பெண்பிள்ளைகளின் ஆட்டத்தில் உயரப் போனதெல்லாம் தவறி அடித்த பந்துதான். ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை இப்படி ஃபிளிக் பண்ணுவாள் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. கண் கண்டதை விட்டுவிட்டு, மனம் பழகியதை ஊதிவிட்டேன்.

நடுமைதானத்தை நோக்கிக் கையை நீட்டினேன். கோல்.

மஞ்சள் பக்கம் எழுந்த சத்தத்தில் மதிலில் இருந்த காகங்கள் கிளம்பிப் பறந்தன. எனக்கும் உள்ளுக்குள் சந்தோஷம். இப்படி ஒன்றை என் கண்ணுக்கு முன்னால் பார்த்துவிட்டேனே.

நீலப் பக்கத்துத் தகப்பன் ஒருவர், கையில் மோட்டார்சைக்கிள் ஹெல்மெற்றோடு கோட்டு ஓரம் வரை வந்துவிட்டார்.

"மிஸ், ஊதினா ஊதினதுதான். இதென்ன, எங்கடை திருநெல்வேலிச் சந்தையிலை கத்தரிக்காய் விலையோ, பேசிப் பேசி மாத்த?"

"ஓம் ஐயா, நான் முதல் ஊதினது பிழை. அதுதான் மாத்தினனான்."

அவர் இந்தப் பதிலை எதிர்பார்க்கவில்லை. எங்கள் ஊரில் பிழை என்று ஒப்புக்கொள்கிற ஆளோடு எப்படிச் சண்டை பிடிப்பது என்று யாருக்கும் தெரியாது. ஹெல்மெற்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு திரும்பிப் போனார்.

ஆட்டம் சமன். ஷூட்-அவுட்டுக்குப் போனது. ஒருத்தி தனியே பந்தோடு ஓடிவந்து கோல்காவலரை வெல்ல வேண்டும், எட்டே விநாடி. கடைசி முயற்சி ஸ்ரெபானியுடையது. நீல அணிக் கோல்காவலர்ப் பிள்ளை பாய்ந்து விழுந்து காலால் தடுத்துவிட்டாள். நீலம் வென்றது. ஸ்ரெபானி முகத்தை மட்டைப் பிடியில் புதைத்தாள். கோபிகா போய் அவளைக் கட்டிப்பிடித்தாள்.

அந்தத் தகப்பன் திரும்பவும் என்னிடம் வந்தார். "நல்ல மட்ச், மிஸ். நேர்மையா ஊதினீங்கள்." வென்ற பிறகு விதிப்புத்தகத்தோடு யாருக்குத்தான் கோபம்?

புறப்படுவதற்கு முன் கோபிகாவைக் கூப்பிட்டேன்.

"பிள்ளை, முதல் நான் பிழையா ஊதிப்போட்டன். மன்னிச்சுக்கொள். அந்த ஃபிளிக்கை ஆர் பழக்கினது?"

"ஒருத்தருமில்லை மிஸ். போனிலை வீடியோ பாத்தனான். வாசிகசாலைக்குப் பின்னாலை சீமெந்துத் தரை இருக்கு, அதிலை பழகினனான்."

"எத்தினை நாள்?"

"ஒரு வருசம் மிஸ்." பிறகு சிரித்தாள். "வாற வருசமும் நான் விளையாடுவன். நீங்கள்தானே மிஸ் ஊதுவீங்கள்?"

ஊதுவேன். பார்த்துவிட்டு ஊதுவேன்.