சொன்னதும் எழுதியதும்

எனக்குப் பிறவியிலிருந்தே பார்வை இல்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு வந்தது. ராஜபாளையத்தில் நான் படித்த பள்ளியின் தலைமையாசிரியை அம்மாவிடம் முன்பே சொல்லிவிட்டார்: "நல்ல மார்க் எடுத்தாத்தான் பிளஸ் ஒன் சீட். பொறவு வந்து நிக்கக் கூடாது."

எனக்குத் தேர்வு மையம் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளி. நான் சொல்லச் சொல்ல ஓர் ஆசிரியை எழுதுவார். என் குரல் மற்றவர்களுக்கு இடைஞ்சல் என்று எங்களை ஆய்வுக்கூடத்தில் தனியாக உட்கார வைத்தார்கள். ஆசிட் நெடியில் தொண்டை கமறியது.

முதல் நாள் தமிழ். நெடுவினாவுக்கு நிறுத்தி நிறுத்தி விடை சொன்னேன். பாதியிலேயே பேனா உரசும் சத்தம் நின்றுவிட்டது. தொடர்ந்து சொன்னேன். வளையல் குலுங்கியது; விசிறிக்கொண்டிருந்தார்.

"எழுதிட்டீங்களா டீச்சர்?"

"ஆச்சு. அடுத்ததைச் சொல்லு."

இவரைப் பகைத்துக்கொண்டால் மீதியை யார் எழுதுவது? ஆனாலும் கேட்டேன்.

"வாசிச்சுக் காட்டுங்க டீச்சர்."

"என்னைய நம்பலையா நீ?"

மறுபடியும் அதையே கேட்டேன். வாசித்தார். ஒரு பக்கத்துக்கு நான் சொன்னது மூன்று வரியாகியிருந்தது.

"எம்புட்டுத்தான் எழுத? பாஸானாப் போதாதா ஒனக்கு? படிச்சு கலெக்டராவா ஆகப் போற?"

"நான் சொன்னது அம்புட்டையும் எழுதுங்க டீச்சர். அதுவரைக்கும் அடுத்ததைச் சொல்ல மாட்டேன்."

வாயை மூடிக்கொண்டேன். நேரம் போய்க்கொண்டே இருந்தது. வராந்தாவில் செருப்புச் சத்தம் வந்து வாசலில் நின்றது.

"என்ன, சும்மா இருக்கீங்க?" மேற்பார்வைக்கு வந்தவரின் குரல்.

செருப்பு நகர்ந்ததும் தாள் புரண்டது.

"சொல்லித் தொலை."

முதலிலிருந்து சொன்னேன். கடைசிக் கேள்விக்கு நேரம் இல்லாமல் போயிற்று.

வெளியே காத்திருந்த அம்மா, "ஏட்டி, ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?" என்றாள். சொன்னேன். எந்தப் பள்ளியிலும் குரலை உயர்த்தாத அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு தேர்வு அதிகாரியின் அறைக்குள் போனாள்.

"எம்புள்ள சொல்றதை எழுதுற ஆளாப் போடுங்க சார். அதுவரைக்கும் நாங்க இங்கிட்டே இருக்கோம்."

அடுத்த தேர்வுக்கு வேறொருவர் வந்தார். கேட்காமலே ஒவ்வொரு விடையையும் வாசித்துக் காட்டினார்.

தமிழில்தான் மதிப்பெண் குறைந்தது. ஆனாலும் தலைமையாசிரியையால் சீட் இல்லை என்று சொல்ல முடியவில்லை. பிளஸ் ஒன்னில் முதல் பெஞ்சில் உட்கார்ந்தேன். வெகு நாள் வரை என் பக்கத்தில் உட்கார யாரும் வரவில்லை.