நான்தான் நான் என்று சத்தியம் செய்யப் பினாங்கு போனேன்

பினாங்குக்கு எல்லாரும் சாப்பிடப் போவார்கள், இல்லாவிட்டால் சுவரோவியங்களுக்கு முன்னால் நின்று படம் பிடிக்கப் போவார்கள். போன மார்ச்சில் நான் போனது வேறு காரியத்துக்கு. நான் படித்த தாதியர் கல்லூரியில் நான் படித்தேன் என்பதை அந்தக் கல்லூரியையே ஒத்துக்கொள்ள வைக்க வேண்டியிருந்தது. வெளிநாட்டு உரிமத்துக்கு விண்ணப்பித்து, ‘சரிபார்க்க இயலவில்லை’ என்ற மின்னஞ்சலைப் பார்த்துவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

கோலாலம்பூரில் ஒரு மருத்துவமனையில் டயாலிசிஸ் பிரிவில் தாதியாக இருக்கிறேன். ஐரோப்பாவில் ஒரு மருத்துவமனை வேலை தருவதாகக் கடிதம் அனுப்பியது. மார்ச் முடிவதற்குள் அந்த நாட்டுத் தாதியர் மன்றத்தின் உரிமம் கையில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. நாட்டின் பெயர் வேண்டாமே. ஆசையில் இங்கே ராஜினாமாக் கடிதமும் கொடுத்துவிட்டேன். அந்த மன்றம் நம் சான்றிதழை நேரே நம்பாது. ஒரு சரிபார்ப்பு நிறுவனத்தை அமர்த்தும். அந்த நிறுவனம் கல்லூரிக்கு எழுதிக் கேட்கும். என் கல்லூரி எழுதிய பதில், ‘இந்தப் பெயரில் மாணவி யாரும் இல்லை.’ நிறுவனம் என் கோப்பில் ‘எதிர்மறை’ என்று குறித்துவிட்டது. போலிச் சான்றிதழ் கொடுத்தவர்களுக்கும் அதே சொல்தான்.

கல்லூரிக்கு மின்னஞ்சல் போட்டேன், பதில் இல்லை. தொலைபேசியில் பாட்டுதான் கேட்டது. சரி, நேரே போய்ச் சண்டை போடுவோம் என்று கிளம்பினேன்.

கே.எல். சென்ட்ரலிலிருந்து, பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் பட்டர்வொர்த்துக்கு இ.டி.எஸ். விரைவு ரயில். டிக்கெட் 79 வெள்ளி, அதாவது ரிங்கிட், பயணம் நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே. குளிர்ச்சட்டை கண்டிப்பாக எடுத்துப் போங்கள், உள்ளே குளிர் எலும்பைத் துளைக்கும். பட்டர்வொர்த் ஸ்டேஷனுக்கு என் அண்ணன் சேவியர் வந்திருந்தார். பக்கத்தில் மாக் மண்டினில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். ராத்திரி ஷிப்ட் முடிந்து தூங்காமல் வந்திருந்தார்.

“என்னம்மா, நீ படிக்கவே இல்லயாமே? அப்ப நான் கட்டுன பீஸு யாருக்குப் போச்சு?” என்றார். அவர் சிரித்தார், எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்று வருடம் ஓவர்டைம் செய்து என்னைப் படிக்க வைத்த ஆள் அவர். அந்த வேடிக்கையில் அவருக்கும் வலித்திருக்கும்.

அவர் வீட்டில் குளித்துவிட்டு ஃபெர்ரி பிடித்தேன். நடந்து ஏறுபவர்களுக்கு இரண்டு வெள்ளி. ரொக்கம் வாங்குவதில்லை, கார்டோ போன் வாலட்டோ வேண்டும். கால் மணி நேரத்தில் ஜார்ஜ் டவுன். லிட்டில் இந்தியாவுக்கு இறங்கியதும் நடந்தே போய்விடலாம். அங்கே ஒரு தோசையும் நுரை பொங்க ஆற்றிய தே தாரே டீயும் முடித்து, வாடகைக் காரில் கல்லூரி. தோசை நன்றாக இருந்ததா என்று கேட்காதீர்கள், எனக்கு நினைவில்லை.

கவுண்டரில் இருந்த பெண்ணின் பெயர் கௌரி. என்னைவிடச் சின்னவள். நிறுவனம் அனுப்பிய கேள்வியைத் திரையில் கொண்டுவந்தாள். அதில் என் பெயர் ‘ஆரோக்கியசாமி பிலோமினா’ என்று இருந்தது.

இங்கேதான் விஷயம். வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: மலேசியத் தமிழர் அநேகருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. ஐசி என்னும் அடையாளக் கார்டில் முதலில் நம் பெயர், நடுவில் ஒரு ‘ஏ/பி’, கடைசியில் அப்பா பெயர். ‘ஏ/பி’ என்றால் மலாயில் ‘மகள்’ என்பதன் சுருக்கம். நான் பிலோமினா, ஆரோக்கியசாமியின் மகள், அவ்வளவுதான். நிறுவனத்தின் படிவத்தில் இரண்டே கட்டம், குடும்பப் பெயர், சொந்தப் பெயர். நடுவில் சாய்கோடு போட்டால் சிவப்பு எழுத்தில் ‘செல்லாத எழுத்து’ என்று திட்டும். அதனால் அப்பா பெயரைக் குடும்பப் பெயர் ஆக்கினேன். அவர்கள் குடும்பப் பெயரை முன்னால் போட்டுக் கல்லூரிக்கு அனுப்பினார்கள். கல்லூரி கம்ப்யூட்டரோ பெயரின் முதல் எழுத்திலிருந்துதான் தேடும். ஆரோக்கியசாமி என்று தட்டினால், என் அப்பா அந்தக் கல்லூரியில் தாதிப் படிப்புப் படிக்கவில்லையே!

“பாருங்க அக்கா, இந்தப் பேர்ல யாரும் இல்ல லா,” என்றாள் கௌரி.

“ஐசி நம்பர் போட்டுப் பாரும்மா.”

போட்டாள். திரையில் என் முகம் வந்தது. ஒல்லியாக, தொப்பி கோணலாக.

“அட, இருக்கீங்களே அக்கா!” என்று சந்தோஷமாகச் சொன்னாள். தொலைந்த சாவியை எனக்குக் கண்டுபிடித்துக் கொடுத்த மாதிரி. எனக்கு அவளை அறையலாம் போல இருந்தது. அப்புறம் அவளே மெல்லக் குரலை இறக்கினாள். “அவங்க பாஸ்போர்ட் நம்பர்தான் அனுப்புனாங்க. ஐசி நம்பர் இல்ல. பேர அப்படியே தட்டுனேன். ஒரு நாளைக்கு எவ்வளோ வருது தெரியுமா?”

என்னோடு படித்த ஒரு சீனத் தோழி அதே நிறுவனத்தின் வழியாகத்தான் போனாள். அவர்களுக்குக் குடும்பப் பெயர் முதலிலேயே நிற்கும், கட்டத்தில் அழகாக உட்காரும். எந்தத் தொல்லையும் இல்லாமல் போய்விட்டாள். அவள்மேல் எனக்குக் கோபமில்லை. இரண்டு கட்டத்துக்குள் உலகத்தையே அடைத்துவிடலாம் என்று நினைத்தவன்மேல்தான் கோபம்.

திருத்திய பதில் அனுப்ப வேண்டுமானால் சத்தியப் பிரமாணம் வேண்டும் என்றார்கள். ஆரோக்கியசாமி பிலோமினாவும் பிலோமினா ஏ/பி ஆரோக்கியசாமியும் ஒரே ஆள்தான் என்று நான் சத்தியம் செய்ய வேண்டும். தப்பாகத் தேடியது அவர்கள், சத்தியம் செய்வது நான்.

சூலியா தெருவில், பணமாற்றுக் கடைக்கு மேலே மாடியில் ஒரு சத்தியப் பிரமாண அதிகாரி இருந்தார். தமிழ் முஸ்லிம் பெரியவர். அடையாளக் கார்டின் அசல் கொண்டு போங்கள், நகலைத் தொடமாட்டார். முத்திரைக்குப் பத்து வெள்ளி. தாளைப் படித்துவிட்டுக் கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார்.

“தாதியாம்மா?”

“ஆமாங்க.”

“தாதி, டாக்டரு, பார்மசி, எல்லாம் இதுக்குத்தான் வர்றாங்க. பூரா நம்ம ஆளுங்க. வாசிச்சுட்டு சைன் பண்ணும்மா.”

வாசித்தேன். ‘மேற்கண்ட இரு பெயர்களும் ஒருவரையே குறிக்கின்றன’ என்ற இடத்தில் அழுதுவிட்டேன். மற்றவர் ரத்தத்தைச் சுத்தம் செய்து பிழைக்கிறவள் நான். நான் நான்தான் என்று ஒரு மாடியறையில் நின்று சொல்ல வேண்டியிருந்தது. பெரியவர் மின்விசிறியை என் பக்கம் திருப்பிவிட்டார்.

திரும்பக் கல்லூரிக்குப் போனேன். கௌரி கொண்டுவந்த கடிதத்தில், ‘மேலும் ஆராய்ந்ததில் மாணவியின் பதிவு கண்டறியப்பட்டது’ என்று இருந்தது.

“கண்டறியப்பட்டதா? நான் என்ன ஒளிஞ்சா இருந்தேன்? ‘முதல் பதில் எங்க தப்பு’ன்னு எழுதச் சொல்லும்மா.”

உள்ளே போனாள், வந்தாள். “ரெஜிஸ்ட்ரார் முடியாதுன்றாரு அக்கா. தப்புன்னு எழுதுனா எங்க தலைதான் உருளும். இப்ப உங்களுக்கு லெட்டர் வேணுமா வேண்டாமா?”

வாங்கிக்கொண்டேன். சண்டை போட வந்தவள், ‘தெரிமா காசே’ என்று மலாயில் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன். அதை நினைத்தால் இப்போதும் உடம்பு எரிகிறது.

மறுநாள் ரயிலில் ஊர் திரும்பினேன். நிறுவனம் மறுசரிபார்ப்புக்குப் புதுக் கட்டணம் வாங்கிக்கொண்டு மே மாதம் ‘சரி’ என்றது. அதற்குள் ஐரோப்பிய மருத்துவமனை என் இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டது. ராஜினாமாவைத் திரும்பப் பெற முடியவில்லை. அதே வார்டில், அதே நோயாளிகளுக்கு, இப்போது ஒப்பந்தத் தாதியாக இருக்கிறேன். போனஸ் இல்லை. அண்ணனிடம் சொன்னபோது அவர் கேலி எதுவும் செய்யவில்லை.

விண்ணப்பிக்கப் போகிறவர்கள் இதைச் செய்யுங்கள். பணம் கட்டும் முன்பே கல்லூரிக்கு நேரில் போய், உங்கள் பெயர் எந்த வரிசையில் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். அடையாளக் கார்டு எண்ணை நிறுவனத்துக்குத் தனியாக அனுப்பி, கேள்வியோடு சேர்த்துக் கல்லூரிக்கு அனுப்பச் சொல்லுங்கள். சத்தியப் பிரமாணத்தை முன்கூட்டியே எடுத்து வையுங்கள், அவமானத்தைச் சாவகாசமாகப் பட்டுக்கொள்ளலாம். ‘எதிர்மறை’ வந்துவிட்டால் மின்னஞ்சலை நம்பிக் காத்திருக்காதீர்கள், அன்றே டிக்கெட் போடுங்கள். கடைசியாக, உரிமம் கைக்கு வரும்வரை ராஜினாமா கொடுக்காதீர்கள்.

போன வாரம் இன்னொரு நாட்டுக்கு விண்ணப்பிக்க உட்கார்ந்தேன். மூன்றாம் பக்கத்தில் ஒரு கேள்வி: ‘உங்கள் சான்றிதழ் எதுவும் எப்போதாவது எதிர்மறையாக அறிவிக்கப்பட்டதுண்டா?’ பிற்பாடு சரியானதா என்று கேட்கவில்லை. உண்டா, இல்லையா, அவ்வளவுதான். ‘இல்லை’ என்று போட்டால் அது பொய், பிடிபட்டால் ஆயுசுக்கும் கதவு மூடிவிடும். ஒரு பொய்யும் சொல்லாதவள் நான், ‘ஆம்’ என்று போட்டேன். இனி எந்த நாட்டுக்குப் போனாலும் என்னைப் பற்றி முதலில் தெரியப்போவது அதுதான்.